பெயர் மாறிய முந்திரிகை

யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்று நாம் சொல்லி வளர்ந்த பழத்தை மற்றைய இடங்களில் திராட்சை என்கிறார்கள். தமிழகத்தவருக்கு முந்திரி என்றால் கஜுதான். இதனால் பழத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பெயர் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் சீவனோபாயமே ஆட்டம் காணும் என்பதை அவுஸ்திரேலியாவின் யாரா பள்ளத்தாக்கில் அறிந்துகொண்டேன்.

மெல்பேர்னிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். கணவன், மனைவி, மகன் மூவரும் நடத்தும் சிறிய வைன் தோட்டம். நம்மூர்ப் பந்தல் இங்கே இல்லை. கம்பிகளில் படரவிட்ட கொடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. தோட்டத்துக்குள் கால்வைக்குமுன் சப்பாத்தைக் கிருமிநாசினியில் கழுவவேண்டும். பிலொக்சரா என்னும் வேர்ப்பூச்சி 2006இல் இப்பள்ளத்தாக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. காலணியில் ஒட்டிய மண்ணோடும் அது பயணம் செய்யுமாம்.

பழைய கொட்டகை ஒன்றைச் சித்திரக்கூடமாக்கியிருக்கிறார்கள். வீட்டு அம்மையார் தாவர ஓவியர். புகைப்படம் இருக்கையில் இத்தனை பாடு எதற்கு என்று கேட்டேன். கமரா ஒரு நாளில் ஒரு கொடியைத்தான் பிடிக்கும். ஓவியரோ வசந்தத்தில் பூவையும் கோடையில் காயையும் பிறகு விதையையும் இலையின் அடிப்புறத்தையும் ஒரே தாளில் சேர்த்துவிடுவார் என்றார். அவருடைய ஆதர்சம் செலியா றொஸர். பாங்சியா இனங்கள் அனைத்தையும் வரைந்து 1981 முதல் 2000 வரை மூன்று பெருந்தொகுதிகளாக வெளியிட்டவர் அவர். 2002இல் ஒரு பாங்சியாவுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

ஒரு படத்தின்முன் அதிக நேரம் நின்றேன். திராட்சை இலை, கீழே அல்பரீன்யோ என்று எழுதி, 2007 என்று ஆண்டும் இட்டிருந்தார்.

ஸ்பெயினின் புகழ்பெற்ற வெள்ளை வைன் திராட்சை அது. அதை நம்பி நாட்டில் பலரும் பயிரிட்டார்கள். இக்குடும்பமும் கடன்பட்டு நட்டது. 2008இல் பிரெஞ்சு நிபுணர் ஜோன் மிஷெல் பூர்சிக்கோ அவுஸ்திரேலியாவுக்கு வந்து கொடிகளைப் பார்த்துச் சந்தேகம் எழுப்பினார். 1994இல் சிலியில் மேர்லோ என்று வளர்த்த கொடிகளிடையே கார்மெனேர் இருப்பதை அடையாளம் கண்டவரும் இவர்தான். 2009இல் மரபணுச் சோதனை அவரது சந்தேகத்தை உறுதிசெய்தது. ஸ்பெயினிலிருந்து வரும்போதே பெயர் மாறியிருந்தது. வளர்ந்து நின்றது சவன்யான், பிரான்சின் யூரா மலைப்பகுதித் திராட்சை.

அதன்பின் அறுவடையானதை அல்பரீன்யோ என்று விற்க வழியில்லை. அச்சடித்த லேபல்கள் குப்பைக்குப் போயின. யாரும் கேள்விப்படாத ஒரு பெயரைச் சொல்லி வாடிக்கையாளரை மீண்டும் தேடவேண்டியிருந்தது. கொடிகளைப் பிடுங்கிவிடலாமா என்று மகன் கேட்டாராம். தகப்பன் இரண்டு வருடம் பொறுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அந்த இரண்டு வருடங்களைப்பற்றி அவர் அதிகம் பேசவில்லை. நானும் துருவவில்லை.

எனக்கு வியப்பளித்தது ஓவியம்தான். பெயர் பிழை, இலை சரி. நரம்பின் போக்கும் விளிம்பின் பற்களும் கொடியில் இருந்தவாறே தாளில் இருந்தன. ஏன் அந்தப் பெயரைத் திருத்தவில்லை என்று வினவினேன்.

“இலையைப் பார்த்து வரைந்தேன். பெயரைக் கேட்டு எழுதினேன்” என்றார் அம்மையார்.

நாற்பது வருடம் கேட்டு எழுதிப் பிழைத்தவன் நான். மறுமொழி சொல்ல வரவில்லை.

புறப்படும்போது ஒரு போத்தல் வாங்கினேன். லேபலில் அதே 2007ஆம் ஆண்டு இலை. கீழே சவன்யான் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.