பின்சுவரின் சிறு சாளரம்

திரையரங்கில் அமர்ந்திருப்போர் அனைவரும் ஒரே திசையை நோக்கியே அமர்ந்திருப்பர். அவர்தம் தலைகளுக்கு மேலே, தூசியையும் பீடிப் புகையையும் துலக்கிக்கொண்டு ஒளிக்கற்றை ஒன்று திரையைச் சென்றடையும். படம் அறுந்து திரை வெளுக்கும் வேளையில் மட்டும் நாம் ஒருசேரத் திரும்புவோம். பின்சுவரின் சிறு சாளரத்தை நோக்கிச் சீழ்க்கையடிப்போம், "ஆபரேட்டர்!" என்று கூவுவோம். அச்சொல் நம் வாயில் வந்ததெல்லாம் வசையாகவே வந்தது. அந்த அறையில் நின்ற மனிதரைக் குறித்துச் சில சொல்ல விழைகிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கு தமிழ்த் திரையுலகிற்கு வழங்கிய கொடை பெரிது. பண்ணைப்புரத்து இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி' வழியாகவும், அல்லிநகரத்துப் பாரதிராஜா 1977-இல் 'பதினாறு வயதினிலே' வழியாகவும் நாடறிந்தனர். அவர்தம் பெருமை பேச நம் ஊர்களில் ஆள் குறைவில்லை. அவர்கள் ஆக்கியதை இரவுதோறும் நம் கண்முன் விரித்துக் காட்டியவரின் பெயரோ எந்தச் சுவரொட்டியிலும் அச்சேறியதில்லை.

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லையாற்றங்கரையில் உள்ளது வீரபாண்டி. சித்திரையில் நிகழும் கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் பள்ளத்தாக்கு முழுவதும் திரண்டு வரும். நம் மக்களும் இராட்டினம் சுற்றவும் வளையல் வாங்கவும் அங்குச் செல்வதுண்டு. இதைப் பங்குத்தந்தையரிடம் சொல்லிக்கொண்டு சென்றவர் குறைவு. நாம் சிறுவராயிருந்த நாள்களில் அந்தப் பக்கத்துக் கீற்றுக் கொட்டகைகளில் ஒரே ஓர் இயந்திரமே இருக்கும். ஆகையால் ஒவ்வொரு ரீல் முடிவிலும் விளக்கெரியும். முறுக்குத் தட்டும் சோடாவும் வலம் வரும். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உயரமாக அமர்வதும், பின்னாலிருப்பவர் அதை உதைத்துக் கலைப்பதும் அப்போதுதான். இரண்டு ஊர்களுக்கு ஒரே பிரதி என்றால், அங்கே ஓடி முடிந்த ரீல் மிதிவண்டியில் இங்கே வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். "பெட்டி வந்துவிட்டதா?" என்பதே அன்றைய கேள்வி.

மறுநாட்காலை கொட்டகையின் பின்புறம் எமக்குப் புதையல் கிடைக்கும். அறுந்து வீசப்பட்ட படச்சுருள் துண்டுகளும், எரிந்து தேய்ந்த கார்பன் கட்டைகளும் அங்கே சிதறிக் கிடக்கும். உடைந்த பல்பினுள் நீர் நிரப்பி அதன்முன் ஒரு துண்டைப் பிடித்து, வாசலில் நிற்பவன் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட, இருண்ட அறையில் தொங்கும் வேட்டியில் நடிகர் தலைகீழாகத் தோன்றுவார். துண்டைத் தலைகீழாகப் பிடித்தால் அவர் நேராவார் என்று கண்டறிந்தவன் அன்று எமக்கு எடிசனைவிடப் பெரிய அறிஞன்.

நம் நாட்டில் இத்தொழிலின் தொடக்கத்திலேயே கிறிஸ்துவின் திருவுருவம் நிற்கிறது. கோயம்புத்தூரைச் சார்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் இரயில்வே பணியில் இருந்தவர். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் தம் படக்கருவியையும் சில படங்களையும் விற்றுவிட்டு ஊர் திரும்ப விரும்பினார். வின்சென்ட் அவற்றை வாங்கினார், வேலையை விட்டார், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவர் கொண்டு சென்ற படங்களுள் ஒன்று இயேசு பெருமானின் வாழ்க்கை. பேச்சில்லாத அப்படத்தின்முன் அமர்ந்த நம் முன்னோர், அசையும் படம் என்ற ஒன்றையே அன்றுதான் முதன்முதலாகக் கண்டிருப்பர். பின்னர் 1914-இல் அவர் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை எழுப்பினார்; 1942-இல் மறைந்தார். தமிழகத் திரையரங்கின் தந்தை என்று அவரைப் போற்றுவோர், அவர் முதலில் ஓர் ஆபரேட்டர் என்பதை நினைப்பதில்லை.

அந்த அறையில் நடந்ததுதான் என்ன? கார்பன் விளக்கில் இரண்டு குச்சிகள் எதிரெதிரே இருக்கும். அவற்றின் நுனிகளுக்கு இடையில் மின்சாரம் பாய்ந்து மூவாயிரம் பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் ஒளி பிறக்கும். குச்சிகளோ எரிய எரியத் தேயும். இடைவெளி கூடினால் ஒளி மங்கி அணையும். குறைந்தால் திரை பழுக்கும். எனவே திருகைத் திருகியவாறே, கருங்கண்ணாடி வழியே அந்த நுனிகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கதைத்தலைவி உயிர்விடும் காட்சியிலும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த இடைவெளியைத்தான்.

படம் திரையில் ஓடுவதாகச் சொல்கிறோம். மெய்யாக அது நின்று நின்று செல்கிறது. நொடிக்கு 24 சட்டங்கள். ஒவ்வொன்றும் ஒளியின்முன் ஒரு கணம் அசையாது நிற்க வேண்டும். இதைச் செய்வது நான்கு பிளவுகள் கொண்ட ஒரு சிறு சக்கரம். புனித யோவான் சபை வீரரின் சிலுவையை ஒத்திருப்பதால் அதற்கு மால்ட்டா சிலுவை என்று பெயர். சுழலும் ஊசி ஒன்று பிளவினுள் புகுந்து அதைக் கால் சுற்று திருப்பும், படம் ஒரு சட்டம் இறங்கும், மீண்டும் நிற்கும். இறங்கும் வேளையில் ஒரு தகடு ஒளியை மறைக்கும். நிற்கும் வேளையிலும், கண் கூசாதிருக்க, ஒருமுறை மறைக்கும். இரண்டரை மணி நேரப் படத்தில் 2,16,000 சட்டங்கள் உள்ளன. அதன் நீளம் 13,500 அடி. தரையில் விரித்தால் வீரபாண்டியிலிருந்து தேனிக்கு ஏறத்தாழப் பாதி தூரம் வரும். அத்தனை நேரத்திலும் சற்றேறக்குறையப் பாதி, நாம் வெறும் இருளையே பார்த்துக்கொண்டிருந்தோம். இதை மறையுரைக்கு எடுத்துக்கொள்ள நினைக்கும் குருக்களை நாம் தடுக்கவில்லை. நமக்கு வேண்டியது அந்த இருளைச் சரியான கணத்தில் வரச்செய்தவரின் கதை.

அவருடைய கவனம் தவறினால் என்ன நேரும் என்பதைத் திருச்சபை மிக முன்பே அறிந்தது. 1897 மே 4 அன்று பாரிசில் கத்தோலிக்கப் பெருமக்கள் ஏழைகளுக்காக நடத்திய அறச்சந்தையில், படக்கருவியின் விளக்குக்கு ஈதர் நிரப்பும்போது தீக்குச்சி உரசப்பட்டது. 126 பேர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் ஒருவர் அலான்சோன் கோமகள் சோபி. தோமினிக் மூன்றாம் சபையினரான அவர், பிறரை முதலில் வெளியேறச் சொல்லித் தாம் பின்தங்கினார் என்பர். அதன் பின்னரும் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாகவே இருந்தது; 1950-களில்தான் உலகெங்கும் பாதுகாப்பான சுருள் நிலைபெற்றது. உரிமம் பெற்ற ஆபரேட்டர் இன்றிப் படம் ஓட்டலாகாது என்ற விதி வெறும் அரசாங்கச் சடங்கன்று.

எம் பங்கைச் சார்ந்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். அவரது உள்ளங்கையில் நீண்ட தழும்பு ஒன்று உண்டு. ஒருமுறை கேட்டோம்: "என்னண்ணே இது?" அவர் சிரித்தார். "கேட்ல சுருள் சிக்கி உருகிருச்சு தம்பி. மூடுற தகடு எறங்கல. கையாலயே அமுக்கிட்டேன்." பிறகு என்ன செய்தீர்கள் என்றோம். "லைட்டப் போட்டு, எடைவேளைன்னுட்டேன். ஜனங்க விசிலடிச்சாங்க." அந்தக் கீற்றுக் கொட்டகையில் அன்றிரவு எத்தனை குழந்தைகள் இருந்தனர் என்று அவரும் எண்ணவில்லை, நாமும் எண்ணவில்லை.

இத்தகைய மனிதருக்கு நம்மிடையே இருந்த மதிப்பு குறைவு. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் 1936-இல் திரைப்படம் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். பன்னிரண்டாம் பத்திநாதர் 1957-இல் இன்னும் விரிவாக எழுதியபோது, விமரிசகர், அரங்க உரிமையாளர், விநியோகஸ்தர், நடிகர், தயாரிப்பாளர், இயக்குநர் என ஒவ்வொருவருக்கும் அறிவுரை கூறினார். ஆபரேட்டருக்கெனத் தனித் தலைப்பு அதில் இல்லை. உரோமையிலிருந்து வந்த எச்சரிக்கையோ நம் ஊர்த் திண்ணைகளில் 'சினிமாக்கொட்டகையில் வேலை செய்பவன்' என்ற ஒற்றை இகழ்ச்சியாகச் சுருங்கிவிட்டது. அந்த அண்ணனின் மகளுக்கு வந்த வரன் ஒன்று அக்காரணத்தாலேயே தட்டிப்போயிற்று. வரனை மறுத்த குடும்பத்தார் 1971-இல் வெளிவந்த 'அன்னை வேளாங்கண்ணி'யைக் குடும்பத்தோடு மூன்று முறை பார்த்தவர்கள். அவர்களுக்குத் தேவமாதாவைத் திரையில் காட்டியது எந்தக் கை என்று கேட்க நமக்கு அன்று நா எழவில்லை.

விழா நாள் என்றால் அவருக்குக் கூடுதல் காட்சி. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலியில் 'உன்னதங்களிலே' பாடப்படும் நேரத்தில் அவர் இரண்டாம் காட்சியின் கடைசி ரீலை மாட்டிக்கொண்டிருப்பார். காலைத் திருப்பலிக்கு வருவார். கோவிலின் கடைசித் தூணருகே நிற்பார். நற்கருணைக்கு நீட்டிய நாவும் தெரியும், பின்னால் கட்டிய கைகளின் கருமையும் தெரியும். எத்தனை சோப்புப் போட்டாலும் கார்பன் கரி நகக்கண்ணை விட்டுப் போகாதாம். நல்ல படமா என்று யாரேனும் கேட்டால், "சத்தத்தை வச்சுச் சொல்லலாம். ஜனங்க மூக்க உறிஞ்சினா நல்ல படம்," என்பார்.

2010-ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. படம் கணினிக் கோப்பாகி வந்தது; பொத்தானை அழுத்தினால் போதும். ஜப்பானின் புஜி நிறுவனம் 2013-இல் திரைப்படச் சுருள் தயாரிப்பையே நிறுத்தியது. படம் இப்போது அறுவதில்லை, கோடு விழுவதில்லை, ஐம்பதாம் நாளிலும் முதல் நாள்போல் இருக்கிறது. இதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. பார்ப்பவனுக்கு இது நலமே. ஆனால் பதினைந்து வயதில் ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்து, முப்பத்தைந்து ஆண்டு அறையில் நின்று, வேறு தொழில் அறியாத ஐம்பது வயதினரிடம், அவர் கற்றதெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமையோடு பயனற்றுப்போனது என்று எவரும் எடுத்துச் சொன்னதாகவும் தெரியவில்லை. அந்த அண்ணன் வேலை செய்த அரங்கு திருமண மண்டபமாயிற்று. இயந்திரம் பழைய இரும்பு விலைக்கு எடையில் போயிற்று. இரவுக் காவலராக அதே மண்டபத்தில் சில காலம் இருந்தார்.

இப்போது அவர் ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறார். பாஸ்கா திருவிழிப்பில் ஆலய விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எம் பங்குத்தந்தை அவரிடம் ஒப்படைத்திருக்கிறார். மெயின் சுவிட்சு இருப்பது சக்ரிஸ்தியின் பின்னால், பீடம் தெரியாத மூலையில். அங்கு நின்றபடி அவர் வாசகங்களைக் காதால் எண்ணுகிறார். கடைசி வாசகத்தின் மன்றாட்டு முடிந்து, குருவானவர் 'உன்னதங்களிலே' என்று எடுத்த அக்கணம் ஆலயம் முழுவதும் ஒளிர்கிறது. சென்ற ஆண்டு வரை அது ஓரிரு நொடி முந்தியதுமில்லை, பிந்தியதுமில்லை.