கம்பர் அடங்கிய மண்ணில்

நாட்டரசன்கோட்டைக்குச் சென்றிருந்தபோது கம்பரின் அடக்கத்தலத்தைக் கண்டு வந்தோம். சோழநாட்டில் பிறந்த அப்பெருங்கவிஞர் இறுதியில் இம்மண்ணில் அடங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இங்குள்ள மண்ணைக் குழந்தையின் நாவில் தடவினால் கல்வி வளரும் என நம்புவோரும் உளர்.

ஆயினும் இவ்விடத்தை வாழவைப்பது மண்ணன்று, பாட்டே. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகம், தன் ஆண்டு விழாவைப் பங்குனி அத்த நாளில் இங்கு வந்துதான் நிறைவு செய்கிறது. கம்பனில் தோய்ந்து, சென்னைக் கம்பன் கழகத்திற்குத் தலைமை தாங்கியவர் நாகூர் தந்த நீதியரசர் மு. மு. இஸ்மாயீல் என்பதை நாம் அறிவோம்.

அங்கு நின்றபோது எட்டயபுரத்தில் அடங்கியுள்ள உமறுப் புலவர் நம் நினைவில் வந்தார். கம்பர் வகுத்த காப்பிய நெறியில் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை 5,000-க்கு மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடியவர் அவர். அவருடைய கபுறை ஸியாரத் செய்திருக்கிறோம், பாத்திஹா ஓதியிருக்கிறோம். ஆனால், முப்பதாண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த நாம், சீறாவின் ஒரு படலத்தையேனும் அவர்களுக்கு முழுமையாகப் படித்துக் காட்டியதில்லை. நாணினோம்.

மனிதன் மரித்த பின்னும் நன்மை சேர்க்கும் மூன்றனுள் பயன்தரும் கல்வியும் ஒன்றென நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். படிப்பாரில்லையெனில் அப்பயன் எங்ஙனம் சேரும்?

ஊர் திரும்பிய அன்றே, மஃரிபுக்குப் பின் விலாதத்துக் காண்டத்தைத் திறந்தோம். நான்கு பிள்ளைகள் வந்து அமர்ந்தனர். அல்ஹம்துலில்லாஹ்.