இரண்டாவது ஆள்

வியாழன், இரவு

குடியை விட்டே தீர வேண்டும் என்று முடிவெடுத்த ஒருவர் இலங்கையின் பொத்துவிலில் எந்தக் கதவைத் தட்டுவார்? குடியிலிருந்து மீண்டவர்களும் மீள நினைப்பவர்களும் கூடிப் பேசும் கூட்டங்கள் உலகெங்கும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவு இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. அப்படியொரு கூட்டத்தைத் தேடுவதை நாம் முகவரி தேடும் வேலையாக நினைக்கிறோம். எனக்கு அது ஆள் தேடும் வேலையாகவே படுகிறது. 1935 மே மாதம், குடியை விட்டு ஐந்து மாதமே ஆகியிருந்த பில் வில்சன் தொழில் விஷயமாக அமெரிக்காவின் அக்ரன் நகருக்குப் போனார். போன காரியம் தோற்றது. தங்கியிருந்த ஹோட்டலின் மதுக்கூடம் அவரை இழுத்தது. உள்ளே போகாமல், தேவாலயங்களுக்குத் தொலைபேசி எடுத்து, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். பில் அவரிடம் புத்தி கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தன் கதையைச் சொன்னார், அந்தச் சொல்லலில் தானும் தப்பினார். டாக்டர் பாப் குடியை விட்ட நாளாகக் கொள்ளப்படும் ஜூன் 10தான் இந்தக் கூட்டங்களை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பிறந்த நாள். கட்டடமோ பெயர்ப்பலகையோ அன்று இருக்கவில்லை. இரண்டாவது ஆள் இருந்தார்.

வெறும் பேச்சால் நோய் தீருமா என்ற கேள்வி நியாயமானது. 2020இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளையும், அவற்றில் பங்கெடுத்த 10,565 பேரையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. முறையாக வழிநடத்தி இக்கூட்டங்களோடு இணைக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் ஓராண்டின் முடிவில் முற்றாகக் குடிக்காமல் இருந்தனர். உளவியல் சிகிச்சை போன்ற பிற வழிகளில் 35 பேர். பெரிய இடைவெளி அல்லதான். ஆனால் சம்பளம் வாங்காத மனிதர்கள் தரும் துணையோடு இது கிடைக்கிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒரு எச்சரிக்கையை மட்டும் எழுதிவைக்கிறேன்: நீண்ட காலம் நாளாந்தம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம். முதலில் ஆதார வைத்தியசாலை, பிறகுதான் கூட்டம்.

வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின்

இது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர், இங்கே அப்படியொரு கூட்டம் வைப்பது ஊரின் மானத்தை வாங்கும் என்பார்கள். மது ஹராம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தடை ஒரே நாளில் இறங்கவில்லை. குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்தில் தீங்கு பெரிது என்ற எச்சரிக்கை, அந்நிஸாவில் போதையோடு தொழுகையை நெருங்காதீர் என்ற கட்டளை, அல்மாயிதாவில் முழு விலக்கல் என்று படிப்படியாக வந்தது. பழக்கத்தின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பது அந்த இறங்கு முறையிலேயே கணக்கில் எடுக்கப்பட்டிருக்கிறது. குடித்ததற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட ஒருவரை ஒரு தோழர் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சியும் சொன்னார்கள். அந்த மனிதரை விழுந்து எழுந்து விழுபவராகவே ஹதீஸ் நமக்குக் காட்டுகிறது. நம் மஹல்லாவில் அவருக்கு என்ன இடம்? பாவத்தைப் பகிரங்கப்படுத்தக் கூடாது என்ற மார்க்கத்தின் சொல்லுக்கும் கூட்டம் எதிரானதல்ல. மூடிய அறையில் சொன்னது அறையை விட்டு வெளியேறாது என்பதே அதன் முதல் ஒழுங்கு. பரிகாரத்தைத் தேடி ஒருவர் சொல்வது தம்பட்டம் அடிப்பதாகாது.

இக்கூட்டங்கள் பின்பற்றும் பன்னிரு படிகள் கிறிஸ்தவச் சூழலில் பிறந்தவை என்பது உண்மை. எனினும் இறைவனைப் பற்றிப் பேசுமிடத்தில், அவரவர் விளங்கிக்கொண்டபடி என்ற வழியை அவை திறந்தே வைத்திருக்கின்றன. 1989இல் பால்டிமோரில் முஸ்லிம்கள் மில்லத்தி இஸ்லாமி என்ற பெயரில் அவற்றைத் தங்கள் ஈமானுக்கேற்ப எழுதிக்கொண்டார்கள். நமக்கும் அது தடையாக வேண்டியதில்லை.

ஞாயிறு

மிகக் கடினமான ஆட்சேபத்தை இன்றைக்கென்று வைத்திருந்தேன். எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊரில் பெயர் மறைப்பது எப்படி? இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் மஞ்சக்குடி ஒரு வெளிச்சம் தருகிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். பின்னர் நோயாளிகளை நகரத்துக்கு வரவழைக்காமல் அந்தக் கிராமத்திலேயே சிகிச்சை முகாம் நடத்தினார். இடத்தை ஊரார் கொடுத்தார்கள், ஊரறியவே நடந்தது. மறைக்க முடியாத இடத்தில் ஊரின் பார்வையே காவலாக மாறலாம் என்று அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அதைத் தாங்கும் துணிவு எல்லோருக்கும் வராது. வராதவர் அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் பஸ் ஏறலாம். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். கைத்தொலைபேசித் திரையில் நடக்கும் கூட்டத்தில் முகம் காட்டாமலும் உட்காரலாம். இவை குறைந்த வழிகள் அல்ல. பில் வில்சனின் கையிலும் அன்று இருந்தது ஒரு தொலைபேசிதான்.

எனக்கு அதிகம் உறுத்துவது மனைவிமாரின் நிலை. குடிப்பவருக்காவது வைத்தியசாலை என்றொரு வாசல் இருக்கிறது. அவர் குடிப்பதை வெளியே தெரியாமல் மூடிக் காக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. பில்லின் மனைவி லோயிஸ் இதை உணர்ந்துதான் 1951இல் குடும்பத்தாருக்கென அல்அனோன் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். ஆண்களின் கூட்டத்தை விட இதை இங்கே தொடங்குவது எளிது என்பேன். லுஹருக்குப் பின் ஒரு வீட்டு உள்ளறையில் நான்கு பெண்கள் கூடினால், ஏன் கூடினார்கள் என்று இந்த ஊரில் யாரும் கேட்கப்போவதில்லை.