சம்பளத் துண்டும் சதுரறூல் கொப்பியும்

தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மாதம் இரண்டு தடவை பிறக்கிறது. பத்தாம் திகதி சம்பளம் போடும்போது ஒரு தடவை, இருபத்தைந்தாம் திகதி அளவில் அட்வான்ஸ் கொடுக்கும்போது இன்னொரு தடவை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற நாட்களை எப்படிக் கடத்துவது என்பதுதான் எங்கள் குடும்பக் கணக்கு. மாதச் சம்பளக்காரருக்காக எழுதப்படும் சிக்கனக் குறிப்புகள் எங்களுக்குப் பொருந்தாமல் போவதும் இதனால்தான். "வருமானத்தில் பத்திலொரு பங்கைச் சேமியுங்கள்" என்று எழுதுவார்கள். எந்த மாதத்து வருமானத்தில்? கொழுந்து நிறைந்து கிடக்கும் மாதத்திலா, மாசி பங்குனி வெயிலில் அரைப்பேரோடு லயத்துக்குத் திரும்பும் மாதத்திலா?

நான் எல்கடுவவில் கொழுந்து எடுக்கிறேன். பிறந்தது இங்கேதான், வளர்ந்தது இங்கே அல்ல. 1977 ஆவணியில் நடந்த வன்செயலுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறின. அப்பாவும் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு அப்படிப் போனவர்கள். எனக்கு அப்போது மூன்று வயது. தருமபுரத்தில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, இரண்டு பிள்ளைகளும் பெற்று, 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்து, மெனிக் பாமில் இருந்து, 2010இல் சின்னம்மாவின் காம்பராவுக்குத் திரும்பி வந்தேன். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு மூன்று. அவர் எங்களோடு வரவில்லை. இன்றுவரை அவர் பற்றி ஒரு தகவலும் இல்லை.

செலவைப் பங்கு பிரிக்கும் முறையை நான் மெனிக் பாமில்தான் படித்தேன் என்று சொன்னால் சிலர் சிரிக்கலாம். அங்கே அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று நிவாரணம் தருவார்கள். அடுத்த நிவாரணம் எப்போது என்று திட்டமாகத் தெரியாது. எனக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் கிடைத்த அரிசியை முதல் நாளே சிறு பைகளில் பிரித்து முடிந்து வைப்பார். ஒரு முடிச்சு ஒரு நாளுக்கு. "அவிழ்க்கிற முடிச்சுத்தான் பிள்ளை உன்ர அரிசி, மற்றது நாளைக்கு வாற ஆளின்ர" என்பார். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். பைக்குப் பதிலாகக் கொப்பியில் கோடு போடுகிறேன், அவ்வளவுதான்.

மகளின் கணிதப் பாடத்துக்கு வாங்கும் சதுரறூல் கொப்பிகளில் ஒன்றை வருடத் தொடக்கத்தில் எடுத்துக்கொள்வேன். ஒரு சதுரம் ஒரு நாள். இடது பக்கம் சம்பளத்தில் இருந்து அட்வான்ஸ் வரை, வலது பக்கம் அட்வான்சில் இருந்து அடுத்த சம்பளம் வரை. வேலைக்குப் போன நாளில் எடுத்த கிலோவை எழுதுவேன். முழுப்பேரா அரைப்பேரா என்று பக்கத்தில் குறிப்பேன். இதைச் செலவுக்காக மட்டும் செய்யவில்லை. சம்பளத் துண்டு கைக்கு வரும்போது ஒத்துப் பார்க்கவும் இந்தக் கொப்பிதான் வேண்டும். இரண்டு நாட்பேர் குறைந்து வந்த மாதம் ஒன்றில் நான் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அடுத்த மாதம் சேர்த்துப் போட்டார்கள். வாயால் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

துண்டு என்ற சொல்லுக்கே எங்கள் சனங்களிடையே ஒரு பழைய பயம் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் துண்டு என்றால் தொழிலாளியின் கடனை எழுதிய கடதாசி. அந்தக் கடனை இன்னொரு தோட்டம் ஏற்றுக்கொண்டால்தான் ஆள் இடம் மாறலாம். 1921இல்தான் அந்த முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். சின்னம்மாவுக்கு வேறொரு பயம். அவர் இருபது வருடம் கொழுந்து எடுத்தும் தன் சம்பளத்தைக் கையில் வாங்கியதே குறைவு. சித்தப்பாதான் போய் வாங்குவார். பல தோட்டங்களில் அதுதான் வழக்கம். 1984 வரை ஒரே வயலில் நின்றாலும் பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு. அந்த வருடம் நடந்த வேலைநிறுத்தத்தின் பிறகுதான் சமமானது. சமமான கூலி யாருடைய கைக்குப் போனது என்பது இன்னொரு கதை. நான் இங்கே வந்த முதல் மாதம் சித்தப்பா வழக்கம்போல என் சம்பளத்தையும் வாங்கப் புறப்பட்டார். "சித்தப்பா, நானே போய்க் கையெழுத்து வைக்கிறேன், நீங்க சின்னம்மாவோடது மட்டும் வாங்குங்க" என்றேன். கோபித்துக்கொண்டார். இரண்டு மாதம் சரியாகப் பேசவில்லை. ஆனால் அடுத்த வருடம் சின்னம்மாவும் தன் சம்பளத்துக்குத் தானே வரிசையில் நின்றார்.

நாட்சம்பளம் கூடியதைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அடிப்படைச் சம்பளம் 2016இல் 500 ரூபா, 2019இல் 700. 2021இல் கொடுப்பனவோடு சேர்த்து 1000. 2024 செப்டெம்பரில் 1350. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1750 என்று அறிவித்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துண்டைப் பார்த்தால்தான் விளங்கும். 1350 ரூபாப்படி இருபது நாள் என்றால் 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 போனால் 24,840. ஏற்கெனவே வாங்கிய அட்வான்ஸ் 5,000, தீபாவளி முற்பணத் தவணை 2,000, தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத்தூள் என்று ஒரு 600. கையில் 17,240 ரூபா. நான் கணக்குத் தொடங்குவது இந்த 17,240இல் இருந்துதான். 27,000இல் இருந்து தொடங்குகிறவர்கள் மாதம் முடிய முன்னர் கடைக் கொப்பியில் பெயர் எழுதுவார்கள்.

சேமலாப நிதிக் கழிவை மட்டும் நான் செலவாக நினைப்பதில்லை. எங்கள் 8 வீதத்தோடு தொழில் கொடுப்பவர் 12 வீதம் போடவேண்டும். அதற்கு மேல் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். பெண்களுக்கு 50 வயதானால் சேமலாப நிதியைக் கேட்க உரிமை உண்டு. எனக்கு அந்த வயது கடந்துவிட்டது. எடுத்துவிடு, கூரைத் தகரம் மாற்றலாம் என்று சொல்கிறார்கள். நான் எடுக்கவில்லை. கூரை ஒழுகும் இடத்தில் சட்டி வைக்கலாம். கொழுந்துக்கூடை தூக்க முடியாத வயதில் என்ன வைப்பது? ஆனால் கட்டவேண்டியது ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று கணக்கு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

கையில் வந்த காசில் முதலில் கழிவது மகளின் பஸ் காசு. உயர்தரம் படிக்கிறாள், நகரத்துப் பாடசாலைக்கு. மாதம் முழுவதற்குமான பஸ் காசை ஒரு பால்மாத் தகரத்தில் போட்டு அவளிடமே கொடுத்துவிடுவேன். அது சாப்பாட்டுக் காசோடு கலக்கக்கூடாது. 2022ஐ நினைத்தால் இந்தத் தகரத்தின் அருமை விளங்கும். அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பொருட்களுக்கு 94.9 வீதம் என்று அறிவித்தார்கள். எங்களுக்கு வீதம் தேவைப்படவில்லை. ரொட்டியின் அளவைப் பார்த்தாலே தெரிந்தது. லயத்தில் அந்த வருடம் மட்டும் நான்கு பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போனார்கள். என் மகளையும் கேட்டு ஒருவர் வந்தார், நல்ல இடம், மாதம் 20,000, சாப்பாடும் தருவார்கள் என்று. மகன் அப்போது கொழும்பில் ஒரு கடையில் நின்றான். அவன்தான் தொலைபேசியில் சொன்னான்: "அம்மா, நான் இங்க இருந்து பார்க்கிறேன். அவளை அனுப்பாதீங்க." நாங்கள் இரவுச் சாப்பாட்டை மரவள்ளிக்கு மாற்றினோம். லயத்துக் காணித் துண்டில் கீரையும் வற்றாளையும் போட்டோம். மண்ணெண்ணெய் அறவே விட்டு விறகுக்குப் போனோம். தகரம் தொடப்படவில்லை.

பிடி அரிசி பழைய பழக்கம், உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உலை வைக்கும்போது ஒரு பிடியைத் திரும்ப அள்ளி வேறு பானையில் போடுவது. மாதம் முடிய ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மாத்தளை, கண்டிப் பக்கம் மண் சரிந்து பாதைகள் மூடிக் கிடந்தபோது அந்தப் பானைதான் முதலில் திறக்கப்பட்டது. காசிருந்தாலும் கடைக்குப் போக முடியாத நாட்களை வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

சீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. நாங்கள் பன்னிரண்டு பேர், மாதம் 1,500. ஆளுக்கு ஒரு தடவை 18,000. வட்டி இல்லை, கழிவு இல்லை. முதல் சீட்டு பிடிக்கிறவருக்கு, மற்றது குலுக்கல். கொப்பி, சப்பாத்துக்காக ஜனவரிச் சீட்டை வேறு ஆளோடு மாற்றிக்கொள்வேன். பதினெட்டு பேர், முப்பது பேர் என்று பெருக்கும் சீட்டில் நான் சேர்வதில்லை. முகம் தெரியாதவரிடம் போய்க் காசு கேட்க முடியாது.

குழுக்கடன்தான் எனக்குப் பயம். வாரத்துக்கு வாரம் வீட்டு வாசலில் வந்து நின்று வாங்குகிற கடன். 50,000 ரூபா தருவார்கள், வாரம் 1,250 படி 52 வாரம். மொத்தம் 65,000. "முப்பது வீதம்தானே" என்பார்கள். ஆனால் முதல் வாரத்தில் இருந்தே முதலும் திரும்பப் போகிறது. ஆறு மாதத்தில் பாதிக் காசு நம் கையில் இல்லை, வட்டி மட்டும் முழுக் காசுக்கும் ஓடுகிறது. மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள், உண்மை வட்டி ஐம்பது வீதத்துக்கு மேல் வருகிறது. இந்தக் கடன்களால் வடக்கு கிழக்கில் பெண்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களைத் தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. 2021இல் ஹிங்குராக்கொடவில் பெண்கள் வாரக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எங்கள் லயத்திலும் கேட்டு வந்தார்கள். ஏழாவது ஆளாகக் கையெழுத்து வைத்தால் மற்ற ஆறு பேருக்கும் கிடைக்கும் என்றார்கள். நான் வைக்கவில்லை. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் என்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள். ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவசரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். என்னிடம் ஒரு சோடித் தோடு இருக்கிறது. வங்கியில் அடகு வைப்பேன், மூன்று தடவை வைத்து மூன்று தடவையும் மீட்டேன். தாலிக்கொடியை வைப்பதில்லை. அவர் வந்து கேட்டால் என்ன சொல்வது?

அவருக்கென்று கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. "அவர் வழி" என்று எழுதியிருக்கிறேன். ஆணைக்குழு, அலுவலகம், விசாரணை என்று எத்தனை தடவை கூப்பிட்டாலும் போயிருக்கிறேன். மாத்தளையில் ஏறினால் தம்புள்ளை, வவுனியா என்று ஏ9 பாதை நேராகப் போகும். இங்கிருந்து மாத்தளைக்கு இறங்குவது, போய் வருவது, சாப்பாடு, ஒரு நாள் தங்கல், வேலை போன இரண்டு நாட்பேர் எல்லாம் சேர்த்தால் ஒரு வாரச் சம்பளம். மே 18க்கும் போகிறேன். இந்தச் செலவைக் குறைக்கலாம் என்று பிள்ளைகளும் ஒரு தடவை சொன்னதில்லை. மாதம் 500 ரூபாவை இந்தப் பக்கத்தில் முதலாம் திகதியே எழுதிவிடுவேன். 2022இல் காணாமற்போனவர்களின் குடும்பங்களுக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுக்க அரசாங்கம் தீர்மானித்தபோது, வாங்கினால் தேடுவதை விட்டதாகிவிடும் என்று பலர் மறுத்தார்கள். வாங்கியவர்களும் இருக்கிறார்கள். வாங்கியவரை நான் குறை சொல்லமாட்டேன், அவரவர் கொப்பி அவரவருக்கு. என் கொப்பியில் அந்தத் தொகைக்கு வரவுப் பக்கத்தில் ஒரு இடம் கிடைக்கவில்லை.

போன மாதம் புதுக்குடியிருப்பில் இருந்து என் பழைய சிநேகிதி எடுத்திருந்தாள். அவளும் என்னைப் போலத்தான், இரண்டு ஆடும் பத்துக் கோழியும் வைத்திருக்கிறாள். அவளுக்கு மாதமும் இல்லை, அட்வான்சும் இல்லை. முட்டை விற்ற அன்றுதான் காசு. எப்படியடி சதுரம் போடுவது என்று கேட்டாள். முட்டை விற்கிற நாளையே முதல் சதுரமாக வைத்து, அடுத்த விற்பனை வரை எத்தனை நாளோ அத்தனைக்கும் பிரி என்றேன். கோழித்தீவனத்துக்கு முதலில் எடுத்து வைக்கச் சொன்னேன். மூன்று கிழமை எழுதியிருக்கிறாளாம். படம் பிடித்து மகனின் தொலைபேசியில் இருந்து மகளுக்கு அனுப்பியிருந்தாள். தீவனம் ஒரு நிரல், பிள்ளைகளின் ரியூசன் ஒரு நிரல். கடைசி நிரலில் "அவர் வழி" என்று எழுதி, கீழே 200 என்று போட்டிருந்தாள்.