பகல்ல குதிரை, ராத்திரியில நரி

எங்க அடி அண்ணாமலை பக்கம் குதிரைக்குப் பஞ்சமே கிடையாது. சுத்துப்பட்டு ஊர்கள்ல ஐயனார் கோயில் வாசல்ல மண் குதிரை நிக்குது. சாமி புறப்பாட்டுக்குக் குதிரை வாகனம் இருக்கு. கார்த்திகை தீபத்துக்கு திருவண்ணாமலையில கூடற மாட்டுச் சந்தைக்கு நிஜக் குதிரைகளே விலைக்கு வரும். கல்யாண ஊர்வலத்துல ஆடற குதிரை தனிக் கணக்கு. ஆனா ஒரு பதினாறு வயசுப் பொண்ணு முறையா குதிரை ஏறக் கத்துக்கணும்னா எங்கே அனுப்பறதுன்னு கேட்டுப் பாருங்க, ஒருத்தர்கிட்டயும் பதில் இருக்காது.

ஆசைப்பட்டது எங்க அண்ணன் பொண்ணு. ரெண்டு வருஷமா இதே பேச்சு. அண்ணன், "மொதல்ல சைக்கிளை ரெண்டு கையாலயும் புடிச்சு ஓட்டச் சொல்லு"ன்னு முடிச்சுட்டார். அண்ணிக்கு வேற கவலை. "பொம்பளப் புள்ளை, விழுந்து கை கால் ஒடிஞ்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது?" நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்படி இல்லை அண்ணி, ஒலிம்பிக்ஸ்ல ஆம்பளையும் பொம்பளையும் தனித்தனியா பிரிக்காம நேருக்கு நேர் மோதற விளையாட்டு இது. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில நம்ம நாட்டுக்கு குதிரையேற்றத்துல 41 வருஷம் கழிச்சு தங்கம் வந்துச்சே, அந்த நாலு பேர்ல ரெண்டு பேரு பொண்ணுங்க"ன்னு எடுத்து விட்டேன். அண்ணி ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. "சரி. நீயே போய்ப் பாரு. நீ சரின்னு சொன்னா அனுப்பறேன்"னுட்டாங்க. பொறுப்பு மொத்தமும் என் தலையில :-)

முதல்ல போனது ஒரு பெரிய ஊருக்கு வெளியில இருக்கற பண்ணை மாதிரியான இடம். பேர் வேண்டாம். போன்ல கேட்டப்ப காலையில பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. வாசல்ல வண்டிச் சக்கரம் சாத்தி வச்சு, போட்டோ எடுக்க மேடை கட்டி, ஜோரா இருந்தது. பணம் கட்டினதும் பழுப்பு நிறக் குதிரை ஒண்ணை சேணம் கட்டிக் கூட்டியாந்தாங்க. மேல்தோல் எண்ணெய் தடவின மாதிரி மின்னுது. எனக்கே ஏறலாம் போல இருந்தது.

இவ ஏறலை. குதிரை பக்கத்துல போய் நின்னவ, வயித்து வாரை இறுக்கும்போது அது காதைப் பின்னாடி மடக்கி உடம்பைச் சுருக்கினதைப் பார்த்துட்டா. "அண்ணா, சேணத்தை ஒரு தரம் தூக்கிக் காட்டறீங்களா?"ன்னு கேட்டா. "இப்பத்தான் பாப்பா கட்டினேன். ஏறு, அடுத்த ஆள் நிக்கறாங்க"ன்னார் அவர். நானும் சேர்ந்து கேட்டப்புறம்தான் துணியை விலக்கினார். முதுகெலும்பு ஓரமா உள்ளங்கை அகலத்துக்குப் புண். மேல மஞ்சள் அப்பியிருந்தது.

இவளுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு யோசிச்சேன். பெரிய ரகசியம் ஒண்ணுமில்லை. நுகத்தடி உரசின மாட்டுக் கழுத்தைப் பார்த்து வளர்ந்தவ. வலிக்கற இடத்துல கை பட்டா எந்தச் சீவனும் அப்படித்தான் சுருங்கும். "ஏறலை சித்தப்பா, போலாம்"னா. ரெண்டு வருஷமா தவமிருந்து கிடைச்ச வாய்ப்பு. பஸ்ல ஊர் வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தா. கட்டின காசும் வரலை, அதை விடுங்க.

இந்தச் சமயத்துலதான் எங்க ஊர் மாணிக்கவாசகர் ஞாபகத்துக்கு வந்தார். கிரிவலம் வர்றவங்களுக்குத் தெரியும், வருண லிங்கம் தாண்டி வாயு லிங்கம் வர்றதுக்குள்ள அடி அண்ணாமலை. இங்க மாணிக்கவாசகருக்குத் தனியா ஒரு கோயில் உண்டு. திருவெம்பாவையை அவர் திருவண்ணாமலையிலதான் பாடினார்ங்கறது ஐதீகம். மார்கழியில அதைப் பாடறோம், ஆனா அவர் கதையே குதிரை வாங்கப் போனதுலதான் ஆரம்பிக்குதுன்னு நினைச்சுப் பார்க்கறதில்லை. பாண்டியன் குடுத்த பணத்தோட குதிரை வாங்கப் போனவர், திருப்பெருந்துறையில, அதாவது இப்போதைய ஆவுடையார்கோயில்ல, பணத்தை எல்லாம் கோயில் பணிக்குச் செலவழிச்சுட்டார். அவரைக் காப்பாத்த சிவபெருமானே குதிரை வியாபாரியா வந்து, நரிகளைப் பரியாக்கி மதுரையில கொண்டு வந்து விட்டார். ராஜா பார்த்தார், மயங்கிட்டார். ராத்திரி லாயத்துல அத்தனையும் மறுபடி நரியாகி, ஏற்கெனவே இருந்த குதிரைங்களையும் கடிச்சுட்டு ஓடிப் போச்சு.

பக்திக்கு அது திருவிளையாடல். குதிரை பார்க்கப் போறவனுக்கு அதுல வேற ஒரு பாடம் இருக்கு. ராஜா குதிரைங்களைப் பார்த்தது பகல்ல, மைதானத்துல. விஷயம் வெளிப்பட்டது ராத்திரி, லாயத்துல. அன்னைலேருந்து நான் எந்த இடத்துக்குப் போனாலும் சொல்லாமப் போறது, சாயங்காலம் போறது, மைதானத்துக்கு முன்னாடி லாயத்தைப் பார்க்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். "உள்ள விடமாட்டோம்"னா அப்படியே திரும்பிட வேண்டியதுதான்.

லாயத்துல என்ன பார்க்கறது? நாலு இடம் ஏறி இறங்கி, ஒரு கால்நடை டாக்டர்கிட்டயும் கேட்டு நான் சேர்த்தது இது:

1. தண்ணி. குதிரை ஒரு நாளைக்கு 25லேருந்து 45 லிட்டர் வரைக்கும் குடிக்கும். நம்ம வெயிலுக்கு இன்னும் கூடவும் ஆகும். தொட்டி காஞ்சு கிடந்தா மேல பேச்சே வேண்டாம்.

2. தீனி. குதிரைக்கு இரைப்பை சின்னது, வாந்தி எடுக்கவும் வராது. அதனால கொஞ்சம் கொஞ்சமா, நாள் பூரா புல்லும் வைக்கோலும் மென்னுக்கிட்டே இருக்கணும். ரெண்டு வேளை கொள்ளும் தவிடும் கொட்டிட்டு மீதி நேரம் வெறும் வயித்துல நிறுத்தினா வயித்து வலி வரும். குதிரை சாகறதுக்கு முக்கியக் காரணங்கள்ல அது ஒண்ணு.

3. உடம்பு. முதுகு, வயித்து வார் படற இடம், கடிவாளம் உரசற வாய் ஓரம் இந்த மூணையும் பார்க்கணும். விலா எலும்பு தடவினா தட்டுப்படலாம், தூரத்துலேருந்தே எண்ற மாதிரி இருக்கக் கூடாது.

4. குளம்பு. ஆறு வாரத்துலேருந்து எட்டு வாரத்துக்குள்ள குளம்பை வெட்டி லாடத்தை மாத்தி அடிக்கணும். லாடம் அடிக்கறவர் கடைசியா எப்ப வந்தார்னு கேளுங்க. டக்குனு தேதி சொன்னா நல்ல இடம்.

5. அவிழ்த்து விடற நேரம். நின்ன இடத்துலயே தலையை இப்படியும் அப்படியும் ஊசல் மாதிரி ஆட்டிக்கிட்டே இருந்தா அது டான்ஸ் இல்லை. வெளியில விடாம, துணையில்லாம கட்டிப் போட்டதுல வர்ற பழக்கம்.

குதிரையைச் சரியா வச்சுக்காத இடத்துல ஏறறவங்களுக்கும் ஆபத்துதான். முதுகுல புண்ணோட நிக்கற குதிரை என்னைக்காவது ஒருநாள் உதறும். அப்ப மேல இருக்கறது உங்க வீட்டுப் பிள்ளையா இருக்கலாம். அண்ணி கேட்ட கேள்விக்கான பதிலும் அந்த லாயத்துலதான் இருக்கு.

இதுல நம்ம பூர்வ கதையும் அவ்வளவு பெருமையா இல்லை. கடல் வழியா வந்து இறங்கின குதிரைகளைப் பத்தி பட்டினப்பாலையே சொல்லுது, அத்தனை பழைய வியாபாரம். ஆனா 1290கள்ல பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ என்ன எழுதி வச்சிருக்கார் தெரியுமா? இங்கத்து ராஜாக்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல குதிரை வாங்கறாங்க, வருஷக் கடைசியில மிஞ்சறது கொஞ்சம்தான். குதிரைக்கு சோத்தோட கறியை வேகவச்சுப் போடறாங்க. பார்த்துக்கத் தெரிஞ்ச ஆளும் இல்லை. வியாபாரிகளும் அப்படி ஒரு ஆள் இந்தப் பக்கம் வந்துடாம பார்த்துக்கறாங்களாம். குதிரை செத்தாத்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! எழுநூறு வருஷம் ஆச்சு. அந்தப் பண்ணையில மஞ்சள் அப்பின முதுகைப் பார்த்தப்ப ரொம்பத் தூரம் வந்துட்டோம்னு சொல்ல முடியலை.

அப்புறம் ஒருநாள் சாயங்காலமா போய்ச் சேர்ற மாதிரி புதுச்சேரி பக்கம் கிளம்பினோம். திருவண்ணாமலையிலேருந்து அந்தப் பாதை செஞ்சி வழியாத்தான் போகும். 2025 ஜூலையில யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு சேர்த்தாங்களே, அந்த மராட்டியர் கோட்டைகள் வரிசையில தமிழ்நாட்டுலேருந்து இருக்கறது செஞ்சி ஒண்ணுதான். கோட்டை கண்ணுல பட்டதும் தேசிங்கு ராஜா கதை சொன்னேன். டில்லி பாதுஷாகிட்ட யாராலயும் ஏற முடியாம இருந்த குதிரையை அடக்கினான், 1714ல ஆற்காட்டு நவாப் படையோட சண்டை போட்டு சின்ன வயசுலயே செத்தான்னு. அவ கேட்ட ஒரே கேள்வி, "அந்தக் குதிரைக்குத் தீனி வச்சவர் யாரு சித்தப்பா?" கதைப்பாட்டுல அதுக்குப் பதில் இருக்கறதா எனக்கு ஞாபகம் இல்லை.

நாங்க போன இடத்துல வாசல்ல அலங்காரம் ஒண்ணும் கிடையாது. மரத்தடியில ஏழெட்டு குதிரை அவிழ்த்து விட்டு மேஞ்சுக்கிட்டிருந்தது. தொட்டி நிறைய தண்ணி. சொல்லிக்குடுக்கற அம்மா முதல்ல கேட்டது இவ எடை எவ்வளவுன்னு. ஏத்தற பாரம், சேணத்தோட சேர்த்து, குதிரை எடையில அஞ்சுல ஒரு பங்கைத் தாண்டக் கூடாதாம். அடுத்து கேட்டது டெட்டனஸ் ஊசி போட்டாச்சா. ஏத்திவிடுவாங்கன்னு பார்த்தா, அன்னைக்கு ஏத்தவே இல்லை. ஒரு பிரஷ்ஷைக் கையில குடுத்து, தேய்ச்சு விடுன்னுட்டாங்க.

"குதிரைக்கு கண்ணு ரெண்டு பக்கமும் இருக்கு. சுத்தி கிட்டத்தட்ட எல்லாமே தெரியும். நெத்திக்கு நேரா கிட்டத்துலயும் வாலுக்கு நேர் பின்னாடியும் மட்டும் தெரியாது. அதனால தோள் பக்கமா, பேசிக்கிட்டே போ"ன்னாங்க. குளம்பைத் தூக்கி உள்ள சிக்கின கல்லை எடுக்கச் சொன்னாங்க. ஒரு மணி நேரம் அவ்வளவுதான். இவ முகத்துல இருந்த சந்தோஷத்தை நான் எழுதிக் காட்ட முடியாது.

ரெண்டாவது தடவைதான் ஏறினா. நல்ல தலைக்கவசம், குதிகால் வச்ச ஷூ. குதிகால் இல்லாத செருப்போ ஷூவோ போட்டா பாதம் அங்கவடிக்குள்ள நழுவி மாட்டிக்கும். விழுந்தா குதிரை இழுத்துக்கிட்டே ஓடும், உயிர் போறது அப்படித்தான். ஆரம்பத்துல நீளக் கயித்தை டீச்சர் கையில வச்சுக்கிட்டு குதிரையை வட்டமா நடக்க விடறாங்க. கடிவாளத்தை இவ கையிலயே குடுக்கலை. காரணம் கேட்டேன். புதுசா ஏறறவங்க பயத்துல கடிவாளத்தைப் புடிச்சுத் தொங்குவாங்களாம், பாவம் அதோட வாய் என்னத்துக்கு ஆகும். உக்காரத் தெரிஞ்சப்புறம்தான் கடிவாளம். நடை, அப்புறம் ரெண்டு தட்டுல விழற ட்ராட், மூணு தட்டுல விழற கேண்டர், கடைசியிலதான் நாலு கால் பாய்ச்சல். சினிமாவுல நேரா கடைசிக்குப் போயிடறாங்க :-)

இடம் தேடறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச வழிகள். ஆரோவில் பக்கம் ரெட் எர்த் ரைடிங் ஸ்கூல் ரொம்ப வருஷமா இருக்கு, அங்க நடக்கற குதிரைப் போட்டிக்கு வெளிமாநிலத்துலேருந்தும் வர்றாங்க. பெங்களூர்ல எம்பசி ரைடிங் ஸ்கூல் பெரிய அளவுல இருக்கு. 2018 ஜகார்த்தாவுல ரெண்டு வெள்ளி வாங்கி, 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல இறுதிச் சுற்று வரைக்கும் போன ஃபவாத் மிர்சா பெங்களூர்க்காரர்தான். காசு இல்லாதவங்களுக்கு என்.சி.சி. நல்ல வழி. அதுல ரிமவுண்ட் அண்ட் வெட்னரின்னு ஒரு பிரிவு இருக்கு, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்கள்ல மாணவர்களுக்குக் குதிரையேற்றம் உண்டு. இவளும் கால்நடை மருத்துவம் படிச்சா ஒரே கல்லுல ரெண்டு மாங்காய்னு கணக்குப் போட ஆரம்பிச்சாச்சு.

லீவுக்குப் போய் ரெண்டு நாள் குதிரை ஏறிட்டு வரலாம்னு நினைக்கறவங்களுக்கும் அதே லாயக் கணக்குதான். ஊட்டியில ஒருத்தர் கயித்தைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது சவாரி, தப்பில்லை, ஆனா அதுல குதிரை ஏறக் கத்துக்க முடியாது. நீங்க ஏற்கெனவே ஏறியிருக்கீங்களா, என்ன எடைன்னு ஒரு கேள்வியும் கேட்காம, "வாங்க சார், நூறு கிலோன்னாலும் பரவாயில்லை"ன்னு கூப்பிடற இடத்துக்குப் போகாதீங்க. போய் வந்த நல்ல இடத்தோட பேரை நான் சொல்லலை, விளம்பரமாயிடும். அதோட ஒரு இடம் இன்னைக்கு நல்லா இருக்கு, நாளைக்கு ஆள் மாறினா மாறிடும். பார்க்கக் கத்துக்கிட்டா எந்த ஊர்லயும் உதவும்.

இப்ப மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை போய்ட்டு வர்றா. ட்ராட் வரைக்கும் வந்தாச்சு. ஒரு தடவை மணல்ல விழுந்தும் எழுந்தாச்சு. முதல் ரெண்டு வாரம் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அண்ணி "விழுந்தியா?"ன்னு கேப்பாங்க. போன வாரம் அவ வழக்கமா ஏறற குதிரைக்கு முன்னங்கால் வீங்கி ஓய்வுல விட்டுட்டாங்க. அதனால இவ ஏறாம, காலுக்குத் தண்ணி ஒத்தடம் குடுத்துட்டு வந்துட்டா. மறுநாள் காலையில அண்ணி தோசை வார்த்துக்கிட்டே கேட்டாங்க, "ஏண்டி, அது கால் வீக்கம் வத்திடுச்சான்னு போன் பண்ணிக் கேட்டியா?"