காலரியில் ஐம்பது ஆண்டுகள்

அல்சூரில் அந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை முதல் முறை பார்ப்பவர்கள், வீட்டில் யாரோ தீராத நோயாளி இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். தேதிக் கட்டங்களில் அத்தனை குறிப்புகள். கால்பந்துக்கு நீலம், கிரிக்கெட்டுக்குச் சிவப்பு, ஹாக்கிக்குப் பச்சை, கபடிக்குக் கறுப்பு. டென்னிஸ், தடகளம் போன்ற 'இதர' ஆட்டங்களுக்குப் பென்சில். காஸ் சிலிண்டர் வரவேண்டிய தேதியை மனைவியும் கறுப்பு மையில்தான் குறிப்பார். ஒரு முறை சிலிண்டரைக் கபடி என்று நினைத்து, கன்டீரவா உள்ளரங்கம் வரை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார் காலண்டரின் சொந்தக்காரர்.

அவருக்கு வயது 64. பொதுத்துறை ஆலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர். இவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூர் தண்டுப் பகுதியில். எந்த விளையாட்டையும் பெரிதாக ஆடியதில்லை. பார்த்திருக்கிறார். அதை மட்டும் ஐம்பது ஆண்டுகளாகச் செய்கிறார். "உங்களுக்கு எதுதான் உண்மையில் பிடிக்கும்?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. பல கட்சிக் கூட்டங்களுக்கும் போகிறவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை அது. ஒரே விளையாட்டில் பித்தாக இருப்பவருக்கு ஊரில் கிடைக்கும் மரியாதை இவருக்குக் கிடைப்பதில்லை.

மைதானத்துக்குப் போகும்போது ஒரு துணிப்பை. அதில் குடை, வேர்க்கடலை, உட்காரப் பழைய செய்தித்தாள், தண்ணீர் பாட்டில். பெரிய ஆட்டங்களில் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். சின்ன ஆட்டங்களில் பையை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரு விளையாட்டுக்கு நாட்டில் என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்ள அவரிடம் இருக்கும் அளவுகோல் இதுதான்.

பையை யாரும் திறக்காத இடங்களில் முதன்மையானது அசோக் நகர் கால்பந்து மைதானம். உள்ளூர் லீக் ஆட்டங்களுக்கு வார நாள் பிற்பகலில் இருநூறு பேர் வந்தால் அதிகம். வருகிறவர்களில் பாதிப்பேர் இவர் வயதுக்காரர்கள், முன்னாள் ஆட்டக்காரர்கள், அல்லது அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள். கன்னடம், உருது, மலையாளம் எல்லாம் காதில் விழும். ஆனால் நடுவரைத் திட்டும் மொழி பெரும்பாலும் தமிழ்தான். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அல்சூரை ஒட்டிய கௌதமபுராவிலும் ஆஸ்டின் டவுனிலும் தமிழ்க் குடும்பங்களில் கால்பந்து தலைமுறைச் சொத்து. கௌதமபுராவில் பெலேக்குச் சிலையே இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி, பெரும்பாலோர் வெறுங்காலோடு, பிரான்ஸை எதிர்த்து ஆடி 1-2 என்று தோற்றது. இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். 1952 ஹெல்சின்கியில் யுகோஸ்லாவியா 10 கோல் போட்டது. இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே கோல் இன்னொரு பெங்களூர்க்காரரான அகமது கான் அடித்தது. இரண்டு ஒலிம்பிக், இரண்டு கோல், இரண்டும் நம்மூர் என்று கணக்குச் சொல்வார் இவர். தோற்ற கணக்கு என்பதை யாரும் நினைவூட்டக் கூடாது.

கிரிக்கெட்டுக்கு இழுத்துப்போனவர் அப்பா. 1974 நவம்பரில் இப்போதைய சின்னசாமி மைதானத்தில் நடந்த முதல் டெஸ்ட். கட்டட வேலை முழுதாக முடியாத காலரியில் 13 வயதுப் பையனாக உட்கார்ந்திருந்தார். மேற்கிந்தியத் தீவுகளின் கிரீனிட்ஜுக்கும் விவியன் ரிச்சர்ட்ஸுக்கும் அதுவே முதல் டெஸ்ட். ரிச்சர்ட்ஸ் எடுத்தது 4, 3. இரு முறையும் வீழ்த்தியவர் கர்நாடகத்தின் சந்திரசேகர். அந்த ஆட்டத்தில் இந்தியா 267 ரன் வித்தியாசத்தில் தோற்றது என்பது அவருக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. 'அந்தக் கறுப்புப் பையன் தேறமாட்டான்' என்று பக்கத்திலிருந்தவர் ரிச்சர்ட்ஸைப் பற்றிச் சொன்னதும் நினைவிருக்கிறது. காலரி நிபுணர்களின் கணிப்பை அன்றிலிருந்து அவர் நம்புவதில்லை.

1996ல் உலகக் கோப்பைக் காலிறுதியில் பாகிஸ்தானை இந்தியா 39 ரன்னில் வென்ற மார்ச் 9 இரவையும் அங்கே பார்த்தார். ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டைட்டன் கோப்பை ஆட்டத்தைத்தான். டெண்டுல்கர் 88ல் அவுட் ஆனதும் கூட்டத்தில் பாதி எழுந்து பஸ் பிடிக்கப் போய்விட்டது. மிச்சமிருந்தவர்கள் முன்னால் ஸ்ரீநாத்தும் கும்ப்ளேயும் ஒன்பதாவது விக்கெட்டுக்கு 52 ரன் சேர்த்து ஜெயித்துக் கொடுத்தார்கள். இருவரின் தாயார்களும் அன்று மைதானத்தில் இருந்தார்கள். கடைசி பந்து வரை எழுந்திருக்கக் கூடாது என்ற அவரது விதி அன்று உறுதியானது. இதனால் அவர் இழந்த கடைசி பஸ்கள் ஏராளம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2014 செப்டம்பரில் கப்பன் பூங்கா டென்னிஸ் அரங்கில் செர்பியாவுடன் டேவிஸ் கோப்பை. சோம்தேவ் ஞாயிறன்று ஐந்து செட் ஆடி 2-2 ஆக்கினார். கடைசி ஆட்டம் மழையால் திங்களுக்குத் தள்ளிப்போக, அரை நாள் லீவு போட்டுப் போய், யூகி பாம்ப்ரி தோற்பதைப் பார்த்துவிட்டு ஷிப்டுக்குத் திரும்பினார். அக்கித்திம்மனஹள்ளி ஹாக்கி மைதானத்துக்குக் கொடகுக்காரர்களின் பேச்சைக் கேட்கவே போகலாம் என்பது அவர் அபிப்பிராயம். கபடியில் மட்டும் அவர் கொஞ்சம் கர்வி. வேலூர்ப் பக்கத்து மண்ணில் பார்த்த ஆட்டத்தை மெத்தை மேல் ஆடுகிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டே போவார். 2019 ஜனவரியில் மும்பையில் பெங்களூர் புல்ஸ் கோப்பையை வென்றபோது, இறுதியாட்டத்தில் பவன் செஹ்ராவத் ஒருவரே ரெய்டில் 22 புள்ளி எடுத்ததை டிவியில் பார்த்துவிட்டு, மெத்தையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

பல விளையாட்டுகளைப் பின்தொடர்பவருக்கு என்று தனியான சங்கடங்கள் உண்டு. அவர் நேசிக்கும் விளையாட்டுகளே ஒன்றோடொன்று சண்டை போடும். கன்டீரவா மைதானம் தடகளத்துக்கானது. அங்கே 2014க்குப் பிறகு பெங்களூர் எஃப்.சி. கால்பந்தாட வந்தது, ஓட்டக்காரர்கள் பயிற்சிக்கு இடமில்லை என்று கொதித்தார்கள். நீதிமன்றம் வரை போனது. அவருக்கு இரு தரப்பும் வேண்டியவர்கள். 2016 அக்டோபரில் மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று வென்று, ஏ.எஃப்.சி. கோப்பை இறுதிக்குப் போன முதல் இந்திய அணியாக பெங்களூர் ஆன இரவில், சேத்ரியின் இரண்டு கோல்களுக்கும் மேற்குக் காலரியின் நீலச்சட்டை இளைஞர்களோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்தினார். மறுநாள் காலை நடைப்பயிற்சியில் ஒரு தடகளப் பயிற்சியாளரைப் பார்த்ததும் எதிர்ச்சாரிக்கு மாறிக்கொண்டார்.

ஐ.பி.எல். டிக்கெட் விலை அவருக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் பேத்திக்கு, மகள் வயிற்றுப் பேத்தி, வயது 13, பெங்களூர் அணிதான் உலகம். 18வது சீஸனில், 2025 ஜூன் 3 அன்று ஆமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று அந்த அணி முதல் கோப்பையை வாங்கியபோது அல்சூரில் விடியும் வரை பட்டாசு. மறுநாள் சின்னசாமியில் பாராட்டு விழா. இலவசமாக உள்ளே விடுகிறார்கள் என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவியிருந்தது.

"தாத்தா, நீங்கதானே எல்லா மேட்சுக்கும் போறீங்க? என்னை மட்டும் கூட்டிட்டுப் போகமாட்டீங்களா?"

போனார்கள். மெட்ரோவில் எம்.ஜி. ரோடு இறங்கி, அனில் கும்ப்ளே சர்க்கிள் பக்கம் நடந்தார்கள். அங்கே அவர் நின்றுவிட்டார். எந்தப் பெரிய ஆட்டத்திலும் மைதானத்தை நோக்கிப் போகும் கூட்டத்துக்கு எதிரே கொஞ்சம் பேர் வந்துகொண்டிருப்பார்கள்: டிக்கெட் கிடைக்காதவர்கள், கொடி விற்று முடித்தவர்கள், நண்பனைத் தேடுகிறவர்கள். அன்று எதிரே ஒருவரும் வரவில்லை. எல்லாத் தலைகளும் ஒரே திசையில். ஐம்பது ஆண்டில் அப்படிப் பார்த்ததில்லை. பேத்தியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். வழியெல்லாம் அவள் அழுதாள். வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாலையில் டிவியில் செய்தி வந்தது. வாசல்களில் நெரிந்து 11 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். அவர்களில் பள்ளிச் சிறுமி ஒருத்தியும் உண்டு. 35,000 பேருக்கான இடத்தில் இரண்டு மூன்று லட்சம் பேர் கூடிவிட்டார்கள் என்றார் முதலமைச்சர். பேத்தி கதவைத் திறந்து வந்து பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டாள். யாரும் எதுவும் பேசவில்லை.

பேத்தியைக் காப்பாற்றிய சாமர்த்தியத்தைப் பாராட்டிய உறவினர்களிடம் அவர் எரிந்து விழுந்தார். எங்கே நிற்கக் கூடாது என்று தெரிய அவருக்கு ஐம்பது வருடம் தேவைப்பட்டது. அங்கே போன பிள்ளைகளில் பலருக்கு அதுதான் முதல் தடவை. முதல் தடவை வருகிறவனைப் பத்திரமாக உள்ளே விட்டு வெளியே அனுப்புவதுதானே மைதானம் நடத்துகிறவர்களின் வேலை? இந்தக் கேள்வியை அவர் வீட்டில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு வாரம் எந்த மைதானத்துக்கும் போகவில்லை. காலண்டரில் ஜூன் மாதத்தில் சிலிண்டர் மட்டுமே இருந்தது.

ஜூலை 5 அன்று கன்டீரவாவில் நீரஜ் சோப்ரா கிளாசிக். முதலில் ஹரியானாவின் பஞ்ச்குலாவுக்கு நிச்சயிக்கப்பட்டு, பிறகு பெங்களூருக்கு மாறி, மே மாதத்திலிருந்து தள்ளிப்போடப்பட்ட ஈட்டி எறிதல் போட்டி. சின்னசாமியிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். பேத்தி கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. காலண்டரில் அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் இருந்ததை மனைவிதான் கவனித்தார்.

"ஏங்க, மறுபடியுமா?" என்றவர், சற்று நேரம் கழித்து, "போறதா இருந்தா நானும் வருவேன். எந்த வாசல்ல நிக்கிறீங்கன்னு நான் பார்க்கணும்" என்றார். 36 வருட மணவாழ்க்கையில் அந்த அம்மாள் மைதானத்துக்குள் நுழைந்தது அன்றுதான்.

வெகு முன்னதாகவே போய்விட்டார்கள். உட்காரும் முன் இருவரையும் வெளியேறும் வழிகள் வரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். பேத்தி மனதுக்குள் எண்ணிக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் நீரஜ் எறிந்த ஈட்டி 86.18 மீட்டரில் இறங்கியது, அதுவே வென்றது. கென்யாவின் யெகோ இரண்டாவது. இலங்கையின் ருமேஷ் பதிரகே 84.34 மீட்டருடன் மூன்றாவது வந்தபோது இவர் எழுந்து நின்று கைதட்டினார். "ஒரு குச்சிய எறிய இவ்வளவு தூரம் ஓடிவரணுமா?" என்று மனைவி கேட்டார். விளக்கம் சொல்லத் தொடங்கி இருபது நிமிடம் ஆகியும் முடியவில்லை. கடைசி எறி வரை உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கரைந்த பிறகுதான் எழுந்தார்கள். கடைசி பஸ்ஸைப் பற்றி மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

சின்னசாமியின் கதை வேறு மாதிரி போனது. அரசு நியமித்த நீதிபதி மைக்கேல் டி'குன்ஹா கமிஷன், பெருங்கூட்டம் கூடும் நிகழ்ச்சிகளுக்கு அந்த மைதானம் பாதுகாப்பானதல்ல என்றது. மகளிர் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம் முதல் பல ஆட்டங்கள் பெங்களூருக்கு என்று நிச்சயமாகியிருந்தன. பாகிஸ்தான் இறுதிக்கு வராவிட்டால் இறுதியாட்டமும் இங்கேதான். அவற்றை எடுத்துவிட்டு நவி மும்பையைச் சேர்த்தார்கள். காலண்டரில் நவம்பர் 2ஐச் சுற்றிப் பல மாதங்களுக்கு முன்பே போட்ட சிவப்பு வட்டத்தை அவர் அடிக்கவில்லை.

அன்று இரவு மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஷஃபாலி வர்மா 87 ரன் எடுத்தார். தீப்தி சர்மா அரை சதம் அடித்து, ஐந்து விக்கெட்டும் எடுத்தார். தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று இந்தியப் பெண்கள் முதல் முறை உலகக் கோப்பையைத் தூக்கியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. தெருவில் மறுபடி பட்டாசு.

"இது நம்மூர்ல நடந்திருக்க வேண்டியது, இல்ல தாத்தா?"

"ஆமாம்மா. எட்டு நிமிஷத்துல போயிருக்கலாம்."

பேத்தி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்த கேட் வழியா?" என்றாள்.