குஞ்சுக்கு மாற்றுப் பார்ப்பது

பொன்னை மாற்றுப் பார்க்க உரைகல் இருக்கிறது. பிள்ளைகளைச் சோதிக்கப் பரீட்சை இருக்கிறது. நாலு அங்குல மீன் குஞ்சு ஒன்று பிற்காலத்தில் தங்கமாக ஜொலிக்குமா என்று இன்றே சொல்வதற்கு என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி சமீபத்தில் நம் தலையில் வந்து விழுந்தது.

நாவலூரில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் நண்பர், லக்ஷ்மி கடாட்சம் பெருக வேண்டித் தங்க அரோவானா வாங்கத் தீர்மானித்தார். மகளின் கல்லூரிப் படிப்புக்கென்று சேர்த்த பணத்தில்தான் கை வைத்திருந்தார். நமக்கு மீன் வளர்ப்பில் பழக்கம் உண்டு என்பதால், குஞ்சைப் பார்த்துச் சொல்லும்படி நம்மை அழைத்துப் போனார்.

தங்க அரோவானாவில் முக்கியமாக இரண்டு ஜாதிகள் உண்டு. மலேசிய ஜாதிக்குப் பொன்னிறம் முதுகைக் கடந்து மறுபக்கம் போய்ச் சேரும். பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரி இதற்குப் பெயர்போனது. சுமத்திராவின் செவ்வால் ஜாதிக்கோ பொன் பாதி உடம்போடு நின்றுவிடும். முதுகு கறுத்தே இருக்கும். விலையிலும் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. குஞ்சாக இருக்கையில் இரண்டும் வெள்ளித் தகடு போலத்தான் தோன்றும். வியாபாரத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

செதில்களை வயிற்றிலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாக எண்ண வேண்டும். மினுமினுப்பு முதலில் கீழ் வரிசைகளிலும் செவுள் மூடியிலும் தோன்றும். நாலாம் வரிசை வரையில் செவ்வாலும் ஏறிவிடும். ஆகையால் அதைக் கண்டு மயங்கலாகாது. ஐந்தாம் வரிசையே நியாயஸ்தலம். சிறு பிராயத்திலேயே அங்கே செதில்களின் விளிம்பில் ஒளி கட்டியிருந்தால் நம்பிக்கை கொள்ளலாம். ஆனால் நம்பிக்கை வேறு, நிச்சயம் வேறு. பொன் முதுகேறி முடிய வருஷங்கள் ஆகும்.

அதையும் எந்த வெளிச்சத்தில் பார்ப்பது? கடைக்காரர் தொட்டியின் மேல் மஞ்சள் விளக்கொன்றை எரியவிட்டிருந்தார். அதன் கீழே நம் நண்பரின் வழுக்கையும் பொன்னாகத்தான் பிரகாசித்தது! விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறக்கச் சொன்னோம். பகல் வெளிச்சத்தில் மினுமினுப்பு மூன்றாம் வரிசையோடு விடைபெற்றுக்கொண்டது. தொட்டியின் நிறமும் ஜாலம் செய்யும். கறுத்த பின்புறம் இருந்தால் மீனின் மேனி கறுக்கும், வெள்ளை இருந்தால் வெளிறும்.

"வளர வளர ஏறும், ஸார்!" என்றார் கடைக்காரர்.

"இதன் சில்லு எண் என்ன?" என்று கேட்டோம். ஆசிய அரோவானா அருகிவரும் இனமாதலால், சர்வதேச உடன்படிக்கை 1975 முதல் அதன் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிறது. பதிவு பெற்ற பண்ணையில் பிறந்த மீனுக்கு அரிசி மணியளவு சில்லு உடம்பில் பதிக்கப்பட்டு, அத்தாட்சிப் பத்திரமும் தரப்படும். நம் தேசத்திலும் 2022-ம் வருஷத்து வனவிலங்குத் திருத்தச் சட்டப்படி, இத்தகைய பிராணியை வைத்திருப்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். கடைக்காரரோ சில்லையும் காட்டவில்லை, பத்திரத்தையும் காட்டவில்லை. நமக்குக் காப்பி மட்டும் வரவழைத்தார்.

குஞ்சின்மீது நமக்குக் கோபமில்லை. தகப்பன் மீனின் வாய்க்குள் அடைகாக்கப்பட்டு வெளிவந்த ஜீவன் அது. தான் தங்கமாவேன் என்று அது யாரிடமும் வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் கடைக்காரர்; அதை வாங்கப் போனவர் நண்பர்.

நண்பர் வெகுநேரம் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்திருந்த மகள், "அப்பா, எனக்கு ஐந்தாம் வரிசை வந்துவிட்டதா?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. பர்ஸை மட்டும் சட்டைப்பையில் திரும்ப வைத்துக்கொண்டார்.